நான்கு சுற்று ஓட்டமும் ஒரு தீர்மானமும்



வாலிபர் கூட்டங்களிலும் பள்ளி விளையாட்டு விழாக்களிலும் ரோஜர் பேனிஸ்டர் என்ற பெயரை நம்மில் பலர் கேட்டிருப்போம். ஒரு மைல் தூரத்தை, அதாவது சுமார் 1,609 மீட்டரை, நான்கு நிமிடத்திற்குள் ஓடி முடித்த முதல் மனிதர் இவர். முடியாது என்று உலகமே சொன்னது, முடியும் என்று அவர் நம்பினார், முடித்தும் காட்டினார் என்பதோடு அந்தக் கதை பெரும்பாலும் நின்றுவிடும்.

கதை அவ்வளவுதானா? 1953 டிசம்பர் தொடங்கி 1954 டிசம்பர் வரையிலான அந்த ஒரு வருடத்தை நிதானமாகத் திரும்பிப் பார்த்தால், மேடையில் சொல்லப்படாத சில பாடங்கள் அதில் இருப்பதைக் காணலாம். பேனிஸ்டரும் அவ்வாறு திரும்பிப் பார்த்து, 1955-இல் தம் ஓட்ட நாட்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இம்மாதம் அந்த வருடத்தை நாமும் சேர்ந்து படிப்போம்.

ஓடியவர் யார்?

பேனிஸ்டர் 1929-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்து, பின்னர் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். ஓட்டம் அவருக்குத் தொழில் அல்ல. அவர் ஓர் அமெச்சூர். நேசித்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த வார்த்தை இது. கூலிக்காக அல்ல, பிரியத்தினால் ஒரு காரியத்தைச் செய்பவரே அமெச்சூர்.

1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் அவர் வெல்வார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அவரோ நான்காவதாக வந்தார். பதக்கம் இல்லை. ஓட்டத்தை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் மருத்துவப் படிப்பு முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதுவரை ஓடுவது, பிறகு முழுவதுமாக மருத்துவப் பணிக்குச் செல்வது என்று தீர்மானித்தார். அப்போது ஒரு மைலுக்கான உலக சாதனை 4 நிமிடம் 1.4 விநாடி. சுவீடன் நாட்டு வீரர் குண்டர் ஹேக் 1945-இல் படைத்த அந்தச் சாதனை அசையாமல் நின்றது.

பாடம் 1: கிடைத்த நேரம் போதும்

மருத்துவ மாணவனுக்கு நேரம் ஏது? வகுப்பு, வார்டு, தேர்வு என்று நாள் முழுவதும் ஓடிவிடும். ஆகவே மதிய இடைவேளையில் அருகிலிருந்த பேடிங்டன் மைதானத்திற்குச் சென்று, கிடைத்த சொற்ப நேரத்தில் பயிற்சி செய்தார்.

பயிற்சி எளிமையானது, ஆனால் கடுமையானது. கால் மைல் தூரத்தைப் பத்து முறை ஓட வேண்டும். இடையிடையே இரண்டு நிமிட இளைப்பாறல். 1953 டிசம்பரில் ஒவ்வொரு கால் மைலுக்கும் 66 விநாடி பிடித்தது. வாரம் வாரமாக அது சிறிது சிறிதாகக் குறைந்து 1954 ஏப்ரலில் 61-க்கு வந்தது. நான்கு மாதத்தில் ஐந்து விநாடி! வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை. ஓடுகிறவருக்கோ அது ஒரு குளிர்கால உழைப்பு முழுவதும்.

பாடம் 2: ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி

61 விநாடியோடு முன்னேற்றம் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் ஒரு விநாடியும் குறையவில்லை. இந்நிலையில் நாம் என்ன செய்வோம்? இன்னும் அதிகமாக ஓடுவோம் அல்லவா? பேனிஸ்டரோ ஓட்டத்தைச் சில நாட்கள் அடியோடு விட்டுவிட்டு, நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்து மலைகளில் ஏறப் போனார். திரும்பி வந்து ஓடியபோது ஒவ்வொரு கால் மைலும் 59 விநாடியில் முடிந்தது!

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கடும் உழைப்பு தசைகளைக் களைக்கச் செய்கிறது. ஓய்வின்போதுதான் உடல் தன்னைச் சீர்படுத்திக்கொண்டு முன்னைவிடப் பலப்படுகிறது. ஓய்வே இல்லாமல் உழைக்கிறவர்கள் ஓர் எல்லைக்கு மேல் முன்னேறுவதில்லை. பிறருக்காக ஓடி ஓடி உழைத்துக் களைத்துப் போகிறவர்களுக்கு இது முக்கியமான பாடம்.

பாடம் 3: முன்னே ஓடியவர்கள்

1954 மே 6 அன்று காலையில் பேனிஸ்டர் வழக்கம்போல் மருத்துவமனைக்குச் சென்றார். ஓட்டக் காலணியின் ஆணிகளை அங்கிருந்த ஆய்வுக்கூடத்துச் சாணைக் கல்லில் தீட்டிக்கொண்டார். பிறகு ஆக்ஸ்போர்டுக்கு ரயில் ஏறினார்.

மாலையில் இஃப்லி ரோடு மைதானத்தில் பலத்த காற்று வீசியது. இன்று முயல்வதா, இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போடுவதா என்று கடைசி வரை தயங்கினார். ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், அருகிலிருந்த ஆலயக் கோபுரத்தின் கொடி படபடப்பது குறைந்தது. ஓடுவோம் என்று முடிவு செய்தார்.

முதலில் முன்னே ஓடியவர் பிராஷர். பின்னால் வருபவருக்குக் காற்றின் தடையைக் குறைத்து, வேகத்தையும் சீராக வைத்துக் கொடுப்பதே அவர் வேலை. முதல் சுற்றிலேயே பேனிஸ்டர் பதற்றத்தில், வேகமாக ஓடும்படி பின்னாலிருந்து கத்தினார். பிராஷர் அசையவில்லை, தம் வேகத்திலேயே ஓடினார். அந்தச் சுற்று 57.5 விநாடி! பிராஷர் சற்று வேகத்தைக் கூட்டியிருந்தால், பின்னால் வந்தவரின் பலம் பாதி வழியிலேயே தீர்ந்திருக்கக்கூடும். இரண்டரைச் சுற்றுக்குப் பின் கிறிஸ் சாட்டவே முன்னே வந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மூன்று சுற்று முடிந்தபோது 3 நிமிடம் 0.5 விநாடி. கடைசிச் சுற்றில்தான் பேனிஸ்டர் தனியே முன்னேறினார். முடிவில் 3 நிமிடம் 59.4 விநாடி!

அன்று பிராஷரும் சாட்டவேயும் எத்தனை நிமிடத்தில் ஓடினார்கள் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? அவர்கள் தங்களுக்காக ஓடவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த நாள் இல்லை.

பாடம் 4: நம்பிக்கை மட்டும் போதுமா?

ஒருவர் செய்து காட்டியவுடன் மனத்தடை உடைந்து, ஏராளமானோர் உடனே நான்கு நிமிடத்தைக் கடந்தார்கள் என்று பலர் சொல்வதுண்டு. உண்மை அப்படியல்ல. 46 நாட்களுக்குப் பின், ஜூன் 21 அன்று, பின்லாந்தின் துர்கு நகரில் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதைவிடவும் வேகமாக ஓடினார். அன்று அவருக்குப் பின்னால் ஓடி அவரை விரட்டியவர் அதே சாட்டவேதான்! அடுத்தவர்கள் வர 1955 மே மாதம் ஆயிற்று. லண்டனில் ஒரே ஓட்டத்தில் ஹங்கேரியின் லாஸ்லோ தாபோரி, சாட்டவே, பிரையன் ஹியூசன் ஆகிய மூவரும் நான்கு நிமிடத்தைக் கடந்தார்கள். 1955 முடியும்போதும் அந்தப் பட்டியலில் ஐந்து பெயர்களே இருந்தன.

நம்பிக்கை வேண்டும். அதோடு பல மாதப் பயிற்சியும், பக்கத்தில் ஓடுகிறவர்களும் வேண்டும்.

பாடம் 5: நிறுத்தத் தெரிந்தவர்

ஆகஸ்ட் 7 அன்று கனடாவின் வான்கூவரில் பேனிஸ்டரும் லாண்டியும் நேருக்கு நேர் ஓடினார்கள். கடைசி வளைவில் லாண்டி இடப்புறம் திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தில் பேனிஸ்டர் வலப்புறமாக அவரைக் கடந்துவிட்டார். இருவரும் நான்கு நிமிடத்திற்குள் முடித்தார்கள். அம்மாத இறுதியில் பெர்ன் நகரில் 1,500 மீட்டர் ஐரோப்பியப் பட்டமும் பேனிஸ்டருக்குக் கிடைத்தது.

வயது 25, உலகமே கொண்டாடுகிறது. இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்கலாம் அல்லவா? 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக் காத்திருந்தது. ஹெல்சிங்கியில் தவறிய பதக்கத்தை அங்கே வெல்ல முயன்றிருக்கலாம். ஆனால் அந்த ஆண்டின் முடிவில் அவர் போட்டிகளிலிருந்து விலகி, முன்பே தீர்மானித்தபடி மருத்துவத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். நரம்பியல் மருத்துவரானார். இரத்த அழுத்தம், வியர்வை போன்றவற்றை நாம் அறியாமலே நடத்திவரும் நரம்பு மண்டலத்தின் நோய்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1975-இல் ஒரு கார் விபத்தில் கணுக்கால் நொறுங்கியதால் அதன்பின் அவரால் ஓட முடியவில்லை. முதுமையில் பார்க்கின்சன் என்னும் நரம்பு நோய் அவரையே பற்றியது. 2018 மார்ச் 3 அன்று தமது 88-ஆம் வயதில் காலமானார்.

வாழ்வில் பெரிய சாதனை அந்த ஓட்டம்தானா என்று கேட்டவர்களிடம், நரம்பியல் மருத்துவராகச் செய்த பல்லாண்டுப் பணியையே தாம் பெரிதாகக் கருதுவதாக அவர் சொன்னார். நான்கு நிமிட ஓட்டத்தை உலகம் பார்த்தது. நாற்பது ஆண்டுப் பணியைப் பார்த்தவர்கள் நோயாளிகள் மட்டுமே.

அன்பானவர்களே, மருத்துவப் பணியைத் தூரத்திலிருந்து தாங்குகிற நம்மில் பலருக்கு, முடிவுக் கோட்டில் பெயர் அறிவிக்கப்படுவதில்லை. இரண்டரைச் சுற்று ஓடியவரின் பங்கும் ஒரு பங்குதான். நம் சுற்றைச் சீரான வேகத்தில் ஓடி முடிப்போம்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. நேரமில்லை என்று நான் தள்ளிவைத்திருக்கும் நல்ல காரியம் எது? அரை மணி நேரத்தில் அதில் எவ்வளவு செய்யலாம்?

2. எனக்கு முன்னே ஓடிக் காற்றைத் தடுத்தவர்கள் யார்? அவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேனா?

3. நான் இப்போது யாருக்காக முன்னே ஓடுகிறேன்? அவர் அவசரப்படுத்தும்போது வேகத்தைச் சீராக வைத்துக்கொள்கிறேனா?

4. இந்த ஆண்டு முடியும்போது நான் நிறுத்த வேண்டியது எது? தொடங்க வேண்டியது எது?