ரெண்டு மைக், ஒரு உறுமி: ஓசை காணாமல் போவது ஏன்?

தைப்பூசம் வந்தால் நம் பினாங்குத் தண்ணீர்மலைப் பாதை முழுக்க உறுமி மேளம்தான். நம்மில் பல பேர் அதை ரெண்டு மைக் வைத்துப் பதிவு செய்கிறோம். ஹெட்ஃபோனில் கேட்டால் அருமை. அதையே மோனோவாக, ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் உறுமியின் கனம் போய்விடுகிறது. மைக் மட்டம் என்று நினைக்காதீர்கள். காரணம் ஃபேஸ். பொறியியல் மாணவனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஃபேஸ் என்றால் என்ன?

ஒலி ஓர் அலை. காற்று நெருங்கும், விலகும். ஒரு மைக்கில் நெருக்கமும் இன்னொன்றில் விலகலும் ஒரே நேரத்தில் பதிவானால், கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். ஊஞ்சலை ஒருவர் தள்ள, எதிரே இன்னொருவரும் தள்ளுவது மாதிரி.

எப்படி நடக்கிறது?

முதலாவது, வாத்தியத்தின் அமைப்பு. உறுமிக்கு ரெண்டு முகம். ஒன்றில் அடித்தால் தோல் உள்ளே போகும். உள்ளிருக்கும் காற்று மறுமுகத்தை வெளியே தள்ளும். முகத்துக்கு ஒரு மைக் வைத்தால், ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். தவில், மிருதங்கத்துக்கும் இதே கதைதான்.

இரண்டாவது, தூரம். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஒரு மைக் 35 செ.மீ. தள்ளியிருந்தால் 1 மில்லி வினாடி தாமதம். 500 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்று 2 மில்லி வினாடி. ஆக, அது அரைச் சுற்று பிந்தி எதிராக நிற்கும். 1500, 2500 ஹெர்ட்ஸிலும் அப்படியே. குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்பது இதனால்தான்.

தவிர்ப்பது எப்படி?

1. ஒரு மைக் போதுமென்றால் ஒன்றே வையுங்கள்.

2. இரு முகத்துக்கும் மைக் வைத்தால், ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள். மிக்சரில் குறுக்குக் கோடு போட்ட வட்டக் குறி இருக்கும் பொத்தான் அதுதான். எந்த நிலையில் ஓசை கனமாக இருக்கிறதோ, அதை வையுங்கள்.

3. தேவாரம் பாடும் ஒவ்வொருவருக்கும் தனி மைக்கா? வாயிலிருந்து மைக் 1 அடி என்றால், அடுத்த மைக் குறைந்தது 3 அடி தள்ளியிருக்கட்டும்.

4. மேளக்காரர்கள் கிளம்புமுன் மோனோவில் போட்டுக் கேளுங்கள்.

ரெண்டையும் தனித்தனித் தடமாக வைத்திருந்தால் பிறகும் ஓரளவு திருத்தலாம். ஒரே தடமாகக் கலந்துவிட்டால் அழிந்த ஓசை திரும்பாது. நம் பெரியவர்களின் வாசிப்பு நாளை தம்பி தங்கைகளுக்குப் போய்ச் சேரப்போவது இந்தப் பதிவுகள் வழியாகத்தான். அடுத்த முறை பதிவு பொத்தானை அமுக்குமுன் ஒரு நிமிஷம் ஒதுக்கி மைக்கைச் சரி பாருங்கள்.