ரசீதிலிருந்து தொடங்கு

அன்புள்ள கண்ணு,

கல்லூரி வேலைக்காக நீ எழுதி அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். உங்கள் ஊர் முன்னாள் ஊராட்சித் தலைவரைச் சந்தித்து, சுற்றுச்சூழல், மனிதநேயம், சமூகநலம் மூன்றையும் பற்றி அவர் கருத்தைக் கேட்கப் போகிறாய். நல்ல வேலை. ஆனால் கேள்விகளை மாற்றி எழுதிவிட்டுப் போ.

சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்டால் மரம் நட வேண்டும் என்பார். மனிதநேயம் என்றால் எல்லோரும் ஒன்று என்பார். பொய்யாகச் சொல்ல மாட்டார், மனசாரவே சொல்வார். இருந்தாலும் நீ வீட்டுக்கு வந்து எழுத உட்காரும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஊர்ப் பணத்தை எதற்கு எடுத்து வைத்தார், யாருடைய தெருவுக்கு முதலில் குழாய் போட்டார், இந்த இரண்டிலும்தான் ஒரு தலைவரின் கருத்து தெரியும். அதனால் முதல் கேள்வி மின்கட்டண ரசீதைப் பற்றியதாக இருக்கட்டும்.

ஏன் மின்கட்டணம் என்று கேட்பாய். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைக் கதையைச் சொல்கிறேன். 1996 உள்ளாட்சித் தேர்தலில் அங்கே தலைவரானவர் ஆர். சண்முகம். காற்றாலை வைத்த ஊராட்சி என்று பேர் வாங்கிய அந்த ஊரின் பசுமைக் கதை குடிநீரில்தான் ஆரம்பிக்கிறது. ஊருக்குச் சுத்தமான தண்ணீர் கொடுக்க மோட்டார்கள் கூடின, தெருவிளக்குகளும் கூடின. மாதம் சில ஆயிரம் ரூபாயாக இருந்த மின்கட்டணம் பல மடங்கு ஏறிவிட்டது. தண்ணீரை நிறுத்த முடியாது. கட்டணத்துக்கே வரிப்பணம் போய்விட்டால் மற்ற வேலை எதுவும் நடக்காது. அந்த நெருக்கடியில்தான் மாற்று மின்சாரத்தைத் தேடினார்கள்.

2003 வாக்கில் 9 கிலோவாட் திறனில் ஒரு எரிவாயு உலை வைத்தார்கள். மரக்கழிவை மூடிய உலையில் போட்டுக் குறைந்த காற்றில் சூடேற்றினால் எரியக்கூடிய வாயு வரும். அதைக் கொண்டு இன்ஜினை ஓட்டி, பம்புக்கு மின்சாரம் எடுத்தார்கள். அது சிறிய ஏற்பாடுதான், ஆனால் ஊராட்சிக்குத் துணிச்சல் வந்தது. 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சி சேர்த்து வைத்திருந்த 40 லட்சம் போக மீதி வங்கிக் கடன். ஒரு கிராம ஊராட்சி காற்றாலைக்காகக் கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கத் துணிந்ததை நினைத்துப் பார்.

இதில் ஒன்றைக் கவனி. அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று இறங்கும் உடுமலைப் பக்கம், மைவாடியில் நிற்கிறது. அங்கே உண்டாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேர்ந்துவிடும். ஊர் செலவழிக்கும் மின்சாரம் எப்போதும்போல வாரியக் கம்பியிலிருந்துதான் வரும். கணக்கில் இரண்டும் கழிபடும். காற்றாலை ஆடிக்காற்றில் அள்ளிக் கொடுக்கும், பனிக்காலத்தில் படுத்துவிடும். ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும், ஊருக்கு 4.5 லட்சம் போதும் என்பது கணக்கு. மிச்சத்தை வாரியத்துக்கு விற்று அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். ‘தன்னிறைவு கிராமம்’ என்று எழுதியவர்கள் பலரும் இந்தக் கணக்கை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வரவையும் செலவையும் ஒழுங்காக எழுதி வைக்கிற ஊராட்சியால்தான் அப்படி ஒரு கடனைத் தாங்க முடியும்.

அரசு வீட்டுத் திட்டங்களைப் பயன்படுத்தி அங்கே சுமார் 850 வீடுகளும் கட்டப்பட்டன. தண்ணீர், விளக்கு, வீடு ஆகியவற்றில் எது சுற்றுச்சூழல், எது சமூகநலம் என்று உன் மூன்று தலைப்புக்குள் பிரித்துப் போட முடியுமா? அந்த ஊரில் ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இன்னொன்று வந்தது.

சண்முகத்துக்குப் பிறகு அவர் மனைவி தலைவரானார். நடந்த வேலை தடைப்படாமல் தொடர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். பதவி ஒரே வீட்டில் தங்கிவிட்டதே என்றும் கேட்கலாம். உங்கள் ஊரிலும் இப்படி இருந்தால் கேட்கத் தயங்காதே. பணிவாகக் கேட்டால் எந்தக் கேள்வியும் அவமரியாதை ஆகாது.

மனிதநேயத்துக்கு வருவோம். அதே 1996 தேர்தலில், திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் ரங்கசாமி இளங்கோ தலைவரானார். தலித் குடும்பத்தில் பிறந்த வேதிப்பொறியாளர், வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அங்கே கட்டிய சமத்துவபுரத்தில் 50 இரட்டை வீடுகள். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் வேறு சாதிக் குடும்பம், நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரே சுவர். சாதி ஒழிய வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். செங்கல்லால் அதைச் சொன்னவர்கள் குறைவு. இதே இளங்கோ, மதிப்பீட்டில் இருந்த பொருளை விட்டுவிட்டுக் கிரானைட் கழிவுப் பலகைகளை வைத்து வடிகால் கட்டியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராமசபை கூடி அவர் பக்கம் நின்றது, பதவியும் திரும்பக் கிடைத்தது. கட்சிச் சின்னம் இல்லாமல் ஜெயிக்கிற ஒரு தலைவருக்கு அந்தச் சபையை விட்டால் வேறு துணை ஏது?

இன்னொரு சுவரையும் நீ மறக்கக் கூடாது. 2019 டிசம்பர் 2, விடியுமுன், மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய தனியார் சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள்மேல் சரிந்தது. 17 பேர் செத்தார்கள், எல்லோரும் தலித் மக்கள். மழை எல்லார் வீட்டிலும்தான் பெய்தது. அந்தச் சுவரை அவ்வளவு உயரத்துக்கு எழுப்ப விட்டது யார், அதன் அடியில் குடியிருந்தவர்கள் சொன்னதைக் காதில் வாங்காதது யார்? அன்று இதைக் கேட்டோம், இன்றும் எனக்கு ஆறவில்லை. ஆகவே உங்கள் தலைவரிடம் இப்படிக் கேள்: “கனமழை வந்தால் நம்ம ஊரில் எந்த வீட்டுக்காரங்களை முதலில் வெளியேற்றணும்? அவங்க பேர் உங்களுக்குத் தெரியுமா?”

செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் வேலைக்கு வந்திருக்கிற வெளிமாநிலக் குடும்பங்கள் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்றும் கேள். அவர்களில் பெரும்பாலோருக்கு உங்கள் ஊரில் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவருக்கு ஒரு தலைவர் என்ன செய்தார் என்பதைவிட மனிதநேயத்துக்கு நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. குப்பை அள்ளும் தூய்மைக் காவலருக்குக் கையுறை கிடைத்ததா, கூலி மாதாமாதம் வந்ததா என்பதைத் தலைவரிடம் கேட்காதே, அந்த அம்மாவிடமே கேள். டேங்க் ஆபரேட்டரையும் பார். எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார் என்பதை அவர் சொன்னால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பேட்டிக்குப் போவதற்கு முன் ஒரு கிராமசபைக்குப் போய் உட்கார். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூட்டம் நடக்கும். உனக்கு 18 வயது ஆகிவிட்டது, வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறது, நீயும் அந்தச் சபையின் உறுப்பினர். வரவு செலவை வாசிக்கும்போது செல்போனைப் பார்க்காமல் குறித்துக்கொள். முந்தைய கூட்டத் தீர்மானங்களில் எவை நடந்தன, எவை நோட்டிலேயே கிடக்கின்றன என்று கேள். கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் யார், கடைசிவரை நின்று குழாயைப் பற்றியே கேட்கும் பெண்கள் யார் என்றும் பார். அவர்களில் ஒருவரிடம் பேசிவிட்டுத் தலைவர் வீட்டுக்குப் போ.

கேள்விகளைத் திருத்தி எழுதியதும் எனக்கு ஒரு தடவை அனுப்பு. மின்கட்டணக் கணக்கு புரியவில்லை என்றால் கூப்பிடு, உட்கார்ந்து பார்ப்போம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா