பெட்டி சரி, கேம் எங்க? கலெக்டர்ஸ் எடிஷன் வாங்கும் முன் ஒரு கணக்கு

மூன்றாம் வருஷம் முடிஞ்சதும் ஒரு இன்டர்ன்ஷிப் போனேன். மாசம் 10,000 ரூபாய் ஸ்டைபண்ட், மொத்தம் இரண்டு மாசம். அதுல 18,000 ரூபாயை ஒரே ஒரு பெட்டிக்குக் கொடுத்தேன். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா பையன் லீவுக்கு வந்தப்போ, அவன் சூட்கேஸில் பாதி இடத்தைப் பிடிச்சுக்கிட்டு எங்க தி.நகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கலெக்டர்ஸ் எடிஷன்.

வீட்டுல எல்லாரும் சுத்தி உட்கார, ஹாலில் வெச்சுப் பிரிச்சேன். ஒரு அடிக்கு மேல உயரமான ஹீரோ சிலை. குட்டியா ஒரு ஆர்ட்புக். ஸ்டீல்புக்னு சொல்ற பளபளப்பான உலோக டப்பா. கடைசியா ஒரு அட்டை. ஸ்டீல்புக்கைத் திறந்தா உள்ள காலி.

அம்மா கேட்டாங்க: "எல்லாம் சரி, கேம் எங்கடா?"

கேம் அந்த அட்டையில் இருந்த கோடுதான். கன்சோலில் அடிச்சுப் பார்த்தேன், எடுக்கல. அது அமெரிக்க அக்கவுண்டுக்கான கோடு, என்னோடது இந்திய அக்கவுண்ட். புதுசா ஒரு அமெரிக்க அக்கவுண்ட் திறந்து ஒருவழியா விளையாடிட்டேன். ஆனா பிறகு டிஎல்சி வந்தப்போ மறுபடி மாட்டிக்கிட்டேன். இந்திய ஸ்டோரில் வாங்கினா அந்தக் கேமோட சேராது. அமெரிக்க ஸ்டோரில் வாங்கலாம்னா என் கார்டை ஏத்துக்கல.

யாரையும் குறை சொல்ல முடியாது. "டிஸ்க் இல்லை"ன்னு ப்ராடக்ட் பேஜில் சின்ன எழுத்துல தெளிவாகவே போட்டிருந்தது. நான் சிலை போட்டோவை மட்டும் பார்த்து மயங்கிட்டேன்.

இப்போ பைனல் இயர். பிளேஸ்மென்ட் கிடைச்ச நண்பர்கள் முதல் சம்பளத்தில் என்ன வாங்கலாம்னு குரூப்பில் லிஸ்ட் போடுறாங்க. இரண்டு பேர் லிஸ்டில் கலெக்டர்ஸ் எடிஷன் இருக்கு. வாங்காதீங்கன்னு சொல்ல வரல. என்னை மாதிரி கண்ணை மூடிக்கிட்டு வாங்காதீங்க, அவ்வளவுதான்.

முதல் கணக்கு: வித்தியாசம் எவ்வளவு?

பெட்டியோட மொத்த விலையைப் பார்க்காதீங்க. அதே கேமோட சாதாரண எடிஷன் விலையை அதிலிருந்து கழிங்க. மிச்சம் வர்றதுதான் மத்த பொருட்களுக்கு நீங்க கொடுக்கிற விலை.

2023 அக்டோபரில் வந்த ஸ்பைடர்-மேன் 2-ஐ எடுத்துக்கலாம். அமெரிக்காவில் கலெக்டர்ஸ் எடிஷன் கிட்டத்தட்ட 230 டாலர். கூடுதல் சூட்கள் எல்லாம் அடங்கின டிஜிட்டல் டீலக்ஸ் 80 டாலர். அந்த டீலக்ஸ் ஐட்டங்கள் கலெக்டர்ஸிலும் உண்டு. ஆக, மிச்சம் 150 டாலர் ஒரு 19 அங்குல சிலைக்கும் ஒரு ஸ்டீல்புக்குக்கும்.

அதே வருஷம் மே மாசம் வந்த செல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் வேற மாதிரி. சாதாரண எடிஷன் 70 டாலர், கலெக்டர்ஸ் 130 டாலர். வித்தியாசம் 60 டாலர்தான். அதுக்கு ஆர்ட்புக், ஸ்டீல்புக், உலோக போஸ்டர், நாலு பின்கள் கிடைச்சது. முக்கியமா, கேம் கார்ட்ரிட்ஜும் உள்ளேயே இருந்தது.

இப்போ ஒரு பேப்பர் எடுங்க. பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நேரா, அது மட்டும் தனியா கடையில் இருந்தா எவ்வளவு கொடுப்பேன்னு எழுதுங்க. அந்தக் கூட்டுத்தொகை வித்தியாசத்தை விட அதிகமா இருந்தா தாராளமா வாங்கலாம். நான் பின்னாடி போட்டுப் பார்த்தப்போ சிலைக்கு 4,000, ஆர்ட்புக்குக்கு 800, காலி டப்பாவுக்கு 0 வந்தது. அந்தக் கேமோட சாதாரண எடிஷன் இங்க 5,000 ரூபாய்ன்னு வெச்சா, வித்தியாசத்துக்கு நான் கொடுத்தது 13,000. என் கணக்குப்படி பொருளோட மதிப்பு 4,800. மீதி 8,200 ரூபாய் அந்த வாரத்து ஆசைக்குப் போனது.

இரண்டாவது கணக்கு: டிஸ்க்கா, கோடா?

2022 நவம்பரில் வந்த காட் ஆஃப் வார் ராக்னராக்குக்கு இரண்டு பெரிய எடிஷன்கள் இருந்தன. 200 டாலர் கலெக்டர்ஸ், 260 டாலர் யோட்னர். இரண்டிலும் தோரோட சுத்தியல் உண்டு, ஸ்டீல்புக் உண்டு, டிஸ்க் கிடையாது. அந்த விலையில் பாதிகூட இல்லாத சாதாரண எடிஷனில் டிஸ்க் இருந்தது!

நம்மளை மாதிரி ஸ்டூடண்ட்டுக்கு இது சின்ன விஷயம் இல்ல. நாம புது டிஸ்க் வாங்குவோம், முடிப்போம், ஜூனியருக்கு விற்போம், வந்த காசோட கொஞ்சம் போட்டு அடுத்ததை வாங்குவோம். கோடை ஒரு தடவை அடிச்சா முடிஞ்சது. விற்கவும் முடியாது, கடன் கொடுக்கவும் முடியாது. வெளிநாட்டில் இருந்து வர்றதா இருந்தா இன்னொரு சிக்கல்: இப்போதைய கன்சோல்களில் டிஸ்க் பெரும்பாலும் எங்க வாங்கினாலும் ஓடும். கோடுக்கும் டிஎல்சிக்கும் அக்கவுண்டோட நாடு பொருந்தணும். அதனால மாமாவுக்கு மெசேஜ் போடுறதுக்கு முன்னாடி பெட்டியில் எது வருதுன்னு பாருங்க.

டிஸ்க் இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. 2014-ல் வந்த தி க்ரூ ரேஸிங் கேம் தனியா விளையாடவும் சர்வர் கேட்கும். 2024 மார்ச் 31-ல் யூபிசாஃப்ட் சர்வரை மூடினதும், ஷெல்பில் இருந்த டிஸ்க்கெல்லாம் வெறும் வட்டத் தகடு ஆயிடுச்சு. முழுக்க ஆன்லைனில் ஓடும் கேமுக்குப் பெரிய பெட்டி வாங்கும் முன் இதை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

மூன்றாவது கணக்கு: படத்தில் ஒண்ணு, கையில் ஒண்ணு

ப்ரீ-ஆர்டர்னா இன்னும் தயாரிக்காத பொருளுக்கு முன்கூட்டியே காசு கொடுக்கிறது. 2018-ல் ஃபால்அவுட் 76-க்கு 200 டாலர் பவர் ஆர்மர் எடிஷன் வந்தது. தலையில் மாட்டிக்கிற ஹெல்மெட்டோட கேன்வாஸ் பையும் தருவதா விளம்பரம். கைக்கு வந்தது மெல்லிசான நைலான் பை. புகார் சொன்னவங்களுக்கு முதலில் கொடுத்த ஈடு, கேமுக்குள்ள செலவு பண்ற 500 ஆட்டம்ஸ். நிஜக் காசில் சுமார் 5 டாலர். கோபம் பெருசானதும்தான் பெதஸ்டா கேன்வாஸ் பை தைத்துத் தர ஒத்துக்கிச்சு. அது கைக்கு வந்தது 2019-ல்.

ரிலீஸ் ஆகி, யாராவது பிரிச்சுக் காட்டுற வரைக்கும் பொறுங்க. "ஸ்டாக் தீர்ந்துடும்"ங்கிற பயத்தை நம்பித்தான் ப்ரீ-ஆர்டர் விற்பனையே நடக்குது.

நாலாவது கணக்கு: நாளைக்கு விலை ஏறுமா?

வீட்டில் சமாளிக்க நாம எல்லாரும் சொல்ற டயலாக் இது: "அப்பா, இது செலவு இல்ல, இன்வெஸ்ட்மென்ட்." நானும் சொன்னேன்.

2021 ஜூலையில் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒண்ணு ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது உண்மைதான். ஆனா அது கலெக்டர்ஸ் எடிஷன் இல்ல. 1996-ல் கடையில் வித்த சாதாரண காப்பி. அந்தக் கேம் உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல வித்தது. அப்புறம் எப்படி அரிதாச்சு? வாங்கின பசங்க அன்னைக்கே பெட்டியைக் கிழிச்சு விளையாடிட்டாங்க. புதுசா, பிரிக்காம, நல்ல நிலையில் மிஞ்சினது ரொம்பக் கொஞ்சம்.

கலெக்டர்ஸ் எடிஷன் கதை இதுக்கு நேர்மாறு. வாங்குற முக்கால்வாசிப் பேரும் விலை ஏறும்னு நம்பிப் பத்திரமா வெச்சிருப்பாங்க. எல்லாரும் பத்திரமா வெச்சா எது அரிதாகும்? சில எடிஷன்கள் ஏறும்தான். எது ஏறும்னு முன்கூட்டியே தெரிஞ்சா நாம ஏன் பிளேஸ்மென்டுக்கு ஆப்டிடியூட் படிக்கிறோம்!

யாருக்கு லாபம்?

அடையாறில் ஒரு நண்பன் இருக்கான். மெக்கானிக்கல் படிச்சாலும் அவனுக்கு 3டி மாடலிங்தான் உயிர். அவன் வாங்கின ஒரு எடிஷனோட ஆர்ட்புக் ஓரமெல்லாம் மடிஞ்சு, பென்சில் கோடு விழுந்து கிடக்கும். போர்ட்ஃபோலியோ பண்ணும்போதெல்லாம் அதைத் திறக்கிறான். காசை அவன் எப்பவோ எடுத்துட்டான்.

என் 18,000-க்கு என்ன ஆச்சுன்னும் சொல்லிடறேன். அந்த வருஷம் புரட்டாசியில் மயிலாப்பூர் பாட்டி வீட்டுக் கொலுவுக்குப் போனேன். பாட்டி வருஷா வருஷம் வடக்கு மாட வீதியில் பேரம் பேசி ஒரு பொம்மையாவது புதுசா வாங்குவாங்க. அந்த வருஷம் முழங்கால் வலி, போகல. "உன் ரூம்ல ஒரு பொம்மை சும்மா நிக்குதாமே, கொண்டா"ன்னாங்க. எடுத்துட்டுப் போனேன். கொலுப்படிக்குக் கீழே மண் போட்டு, கேழ்வரகு முளைக்க வெச்சுப் பண்ற பார்க்கில், கிரிக்கெட் செட்டுக்கும் செட்டியார் கடைக்கும் நடுவுல என் ஹீரோ நின்னார். சுண்டலுக்கு வந்த குழந்தைங்க எல்லாம் அவர்கிட்டதான் போச்சு.

பாட்டியோட மரப்பாச்சி அவங்க கல்யாணத்துக்கு வந்தது. அதுக்கு என்ன விலை வரும்னு அவங்க ஒரு நாளும் கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியிலிருந்து எடுத்து, துடைச்சு, புதுத் துணி கட்டி நிறுத்துவாங்க. அதைப் பார்த்தப்புறம் என் பேப்பரில் ஒரு கேள்வி கூடிச்சு: இதை வருஷத்துக்கு எத்தனை தடவை கையில் எடுப்பேன்?

போன மாசம் இன்னொரு ப்ரீ-ஆர்டர் லிங்க் வந்தது. நாலு கணக்கும் போட்டேன், கடைசிக் கேள்வியையும் கேட்டேன். சாதாரண டிஸ்க் போதும்னு முடிவாச்சு. மிச்சக் காசில் வெண்பா வாங்கினேன். கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தோட சமையலைப் பத்தின குட்டி கேம், 2024-ல் பாஃப்டா விருது வாங்கினது. இரண்டு மணி நேரத்தில் முடிஞ்சது. அம்மாவும் பக்கத்துல உட்கார்ந்து இட்லி வேக வெச்சாங்க.

ஜூலையில் வேலைக்குப் பெங்களூர் போறேன். பிஜி ரூமில் ஒரு அலமாரிதான். சிலை மயிலாப்பூரிலேயே இருக்கட்டும்னு பாட்டிகிட்ட சொல்லிட்டேன். அடுத்த கொலுவுக்கு அதை இன்னொரு படி மேலே ஏத்தலாமான்னு யோசிக்கிறாங்களாம்.