வாதம் என்னும் ஒற்றைச் சொல்

மூட்டு வீங்கினாலும் தேய்ந்தாலும் காய்ச்சலுக்குப் பின் வலித்தாலும் நம்மவர்கள் ‘வாதம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். தமிழ் மொழிக் கழக ஏட்டில் மூட்டு நோய்க்கு என்ன இடம் என்று கேட்கும் இளையோர்க்கு இதுவே என் விடை. ஒரு பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருந்தால், அவசரக்காரன் ஏமாறுவான். நானே ஏமாந்தவன்.

2008இல் ஜொகூரில் சிக்குன்குனியா பரவியது. (கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழிச் சொல் அது; வலியால் உடல் வளைந்துபோவதைக் குறிக்கும். நம் ‘முடக்குவாத’த்திற்குச் சற்றும் சளைத்த பெயரன்று!) அத்தை வீட்டு வரிசையில் பலர் படுத்தனர், அத்தையும் படுத்தார். மற்றவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். தையல் வேலை செய்துவந்த அத்தைக்கு மட்டும் நான்கு மாதம் கழிந்தும் விரல் வீக்கம் வடியவில்லை. காலையில் ஒரு மணி நேரத்திற்குமேல் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது.

அப்போது நான் மருத்துவப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. இரத்தப் பரிசோதனைத் தாளில் ‘ருமட்டாய்டு காரணி’ சற்றே கூடியிருந்தது. “முடக்குவாதந்தான் அத்தை, உறுதி” என்றேன். மறுநாளே அவர் தீபாவளித் தையலுக்கு வாங்கியிருந்த முன்பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் காரணி நலமாக உள்ள முதியோரிடமும் கல்லீரல் அழற்சிக் கிருமி உள்ளவரிடமும் தென்படும். முடக்குவாதக்காரர் சிலரிடம் தென்படாது. 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் வகுத்த அளவுகோலில் முடக்குவாதம் என்று வகைப்படுத்த 10க்கு 6 புள்ளி தேவை. அத்தையின் காரணி அளவுக்கு 2 புள்ளியே கிடைக்கும். அதற்கும் முன்பாக, வீக்கத்தை வேறொரு நோய் இன்னும் நன்றாக விளக்கவில்லை என்று தெளிய வேண்டும். நான் அந்த முதற்படியையே தாண்டிக் குதித்திருந்தேன்.

அரசு மருத்துவமனையில் மூட்டுநோய் நிபுணர் தாளைத் தொடவில்லை. அத்தையின் நகங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள். முடக்குவாதம் பெரும்பாலும் விட்டுவைக்கும், நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு இரண்டு விரல்களில் வீங்கியிருந்தது. முடக்குவாதம் வழக்கமாக இரு கைகளையும் ஒத்த விதத்தில் பிடிக்கும். இங்கே வலக்கைதான் அதிகம். கால்விரல் ஒன்று அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனாக இருந்தது. பிறகு காதின் பின்புறம் முடியை விலக்கச் சொன்னார். பொடுகு என்று எண்ணி அத்தை பல ஆண்டுகளாக எண்ணெய் தடவி மறைத்துவந்த செதில் படை அங்கே இருந்தது. சொரியாசிஸ்.

எனக்கு விடை கிடைத்துவிட்டது. அவரோ அட்டையில் ‘அழற்சி மூட்டுநோய், வகை உறுதியில்லை’ என்றே எழுதினார்! சிக்குன்குனியா மூட்டழற்சியும் பல மாதம் நீடிக்கும், முடக்குவாதம்போலவே நடிக்கும். எதிர்ப்பொருள் பரிசோதனை அக்கிருமி வந்துபோனதைக் காட்டுமே தவிர, இன்றைய வீக்கத்திற்கு அதுவே காரணம் என்று காட்டாது. சிறுநீரையும் சோதித்தார். லூபஸ் நோயும் விரல் மூட்டு வலியாகத் தொடங்கலாம்; வலியே இல்லாமல் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். நல்லவேளை, புரதம் இல்லை.

அவர் அழுத்திக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: “ஜாமு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” சில ஜாமுகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது வீக்கத்தை அமுக்கி நோயின் முகத்தையே மாற்றிவிடும். திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் சீறும். அத்தை தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

பெயர் உறுதியாகும்வரை சிகிச்சை காத்திருக்கவில்லை. வலிக்கு மருந்து கொடுத்தார். வீக்கம் தொடரவே மெத்தோட்ரெக்சேட் தொடங்கினார். இரண்டு நோய்களுக்கும் உதவும் மருந்து அது. வாரத்திற்கு ஒருமுறைதான் என்று கிழமையையும் எழுதிக் கொடுத்தார். நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வருகைக்கு வருகை மூட்டுகளை எண்ணினார், எக்ஸ்-ரே எடுத்தார். எட்டு மாதம் கழித்துத்தான் அட்டையில் ‘சொரியாசிஸ் மூட்டழற்சி’ என்ற பெயர் ஏறியது.

அன்று வீடு திரும்பும் வழியில் அத்தை என்னிடம் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ஏன்டா தம்பி, இந்தத் தீபாவளிக்கு முன்பணம் வாங்கலாமா?” என்றுதான் கேட்டார். டாக்டரையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.