கணுக்கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்தால்

தோட்டத்து மண் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும், குளியலறையில் வழுக்கி விழுந்தாலும் கணுக்கால் எலும்பு முறியலாம். முறிந்த இடத்தில் தோலும் கிழிந்திருந்தால் அது 'திறந்த எலும்பு முறிவு' எனப்படும். காயம் சிறியதாக இருந்தாலும் அதன் வழியே கிருமிகள் எலும்பு வரை செல்லக்கூடும். கணுக்காலைச் சுற்றிச் சதை குறைவு, தோலும் மெல்லியது. ஆகவே, நாளை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். வலி இல்லையென்றாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

1. 999 எண்ணை அழையுங்கள். தோட்டத்தின் பெயரையும் நுழைவாயிலையும் தெளிவாகச் சொல்லுங்கள்.
2. காயத்தைச் சுத்தமான துணியால் மூடுங்கள். இரத்தம் வழிந்தால் காயத்தின் ஓரங்களை அழுத்திப் பிடியுங்கள். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள்.
3. காலை அசைக்காமல், இருபுறமும் தலையணை வைத்துத் தாங்குங்கள்.
4. மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். உருவி விடவும் கூடாது.
5. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் எதுவும் உண்ணவோ பருகவோ வேண்டாம்.
6. அடையாள அட்டையையும் வழக்கமாக உண்ணும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவமனையில்

கூடுமானவரை 1 மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றப்படும். தேவைப்பட்டால் டெட்டனஸ் தடுப்பூசியும் போடப்படும். பொதுவாக 24 மணி நேரத்திற்குள் அறுவைக் கூடத்தில் காயத்தைக் கழுவி, செத்த சதையை நீக்கி, எலும்பை நிலைநிறுத்துவார்கள். வீக்கம் அதிகமாக இருந்தால் முதலில் காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி, பிறகு உள்ளே தகடு வைக்கலாம். ஜாசின், அலோர் காஜா வட்டாரத்தினர் மலாக்கா மருத்துவமனைக்கு அனுப்பப்படலாம்.

"போனால் காலை எடுத்துவிடுவார்கள்" என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒரு காலத்தில் இத்தகைய முறிவுக்குக் காலை வெட்டுவதே வழக்கமாக இருந்தது. 1865இல் கிளாஸ்கோ நகரில் மருத்துவர் ஜோசப் லிஸ்டர், ஒரு சிறுவனின் முறிந்த காலில் கிருமி அழிக்கும் மருந்திட்டுக் காலைக் காப்பாற்றினார். இன்று பெரும்பாலோரின் கால் காப்பாற்றப்படுகிறது. தாமதம்தான் ஆபத்து.

விரைவில் குணமடைய

• காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வையுங்கள். கால்விரல்களை அடிக்கடி அசையுங்கள்.
• மருத்துவர் சொல்லும் வரை காலை ஊன்றாதீர்கள். பிறகு உடற்பயிற்சிச் சிகிச்சைக்குத் தவறாமல் செல்லுங்கள்.
• புகைப்பதை நிறுத்துங்கள். இனிப்புநீரைக் கட்டுக்குள் வையுங்கள்.
• மீன், முட்டை, பருப்பு சேர்த்து உண்ணுங்கள்.

காய்ச்சல், சீழ், துர்நாற்றம், விரல்கள் நீலமாதல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். மூச்சுத் திணறினால் 999ஐ அழையுங்கள்.