பொலிகுதிரை வழியாக இறங்கும் ஒரு வியாதி

பொலிக்கு விடும் பிராணியின் அங்க லக்ஷணங்களை மாத்திரம் பார்த்தால் போதாது என்பதற்கு, அமெரிக்கா தேசத்தில் நேர்ந்த ஒரு சங்கதி நல்ல திருஷ்டாந்தமாகும்.

அங்குள்ள 'குவார்ட்டர்' ஜாதியில் 1969-ம் வருஷம் பிறந்த 'இம்ப்ரஸிவ்' என்னும் குதிரை, திரண்ட தசைக்கட்டினால் 1974-ல் அவ்வினத்தின் உலகக் காட்சியில் முதற்பரிசு பெற்றது. அதற்குப் பிறந்த குட்டிகள் 2,000-க்கு மேற்பட்டவை. அவற்றுள்ளும் பல பரிசு பெறவே, அவ்வம்சத்துக்கு மிகுந்த கிராக்கி உண்டாயிற்று. ஆனால் அச்சந்ததியிற் சில, நின்றுகொண்டிருக்கும்போதே விலாத் தசைகள் துடித்து, வியர்த்து, பின்கால்கள் தள்ளாடி வீழ்ந்தன. சில மடிந்தும் போயின. பிழைத்தவை சற்று நேரத்தில் ஒன்றும் நேராததுபோல் எழுந்து மேயும். ஆகையால் இதை வயிற்றுவலி என்று எண்ணி ஏமாந்தவர் உண்டு.

தசையின் நுண்ணறைகளில் சோடியம் புகும் வாயில் சரிவர மூடாமையே இதற்குக் காரணம். அதனால் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்துவிடுகிறது. இவ்வாயிலை அமைக்கும் 'ஜீன்' என்ற பரம்பரைக் கூற்றிலுள்ள பழுது 1992-ல் கண்டறியப்பட்டது.

இக்கூறு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாகக் குட்டிக்கு வருகிறது. இரண்டில் ஒன்று பழுதானாலே வியாதி காணக்கூடும். எனினும் சில குதிரைகள் ஆயுள் முழுவதும் குறியொன்றும் காட்டாமலே அதைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிடும். ஒரு கூறு பழுதான குதிரையைக் குற்றமற்ற பெட்டையுடன் சேர்த்தால், குட்டிகளில் ஏறக்குறையப் பாதிக்கு அது இறங்கும். இரண்டும் பழுதானவையாயின் ஒரு குட்டியும் தப்பாது. அதே வம்சத்தில் பிறந்தும் பழுது இறங்காத குட்டியின் வழியில் இவ்வியாதி தொடராதாகையால், வம்சம் முழுவதையும் ஒதுக்கவேண்டிய அவசியமில்லை. பிடரி மயிரை வேருடன் பிடுங்கிச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால் உண்மை விளங்கிவிடும்.

தீனியிலும் கவனம் வேண்டும். குதிரைமசாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகும் பொட்டாசியம் மிகுந்தவையாதலால் ஆகா. பெயரிலேயே குதிரையை உடைய பயிர் இக்குதிரைகளுக்கு விரோதியாய் நிற்பது வேடிக்கைதான். நெடுநேரம் பட்டினி போடுவதும் கூடாது.

2007 முதல் பிறந்த குட்டிகளில் இரண்டு கூறும் பழுதானவற்றை அந்நாட்டு குவார்ட்டர் குதிரைச் சங்கம் பதிவு செய்வதில்லை. ஒன்று மாத்திரம் பழுதானவற்றுக்குப் பதிவு உண்டு. விதி இவ்வளவில் நின்றது எமக்குத் திருப்தி தரவில்லை. அவற்றைக்கொண்டு விருத்தி செய்பவர் இருக்கும்வரை, வாங்குகிறவர் விலை பேசுமுன் சோதனைப் பத்திரத்தைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.