பார்த்து வரைய ஒரு செம்பருத்தி போதும்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பூ வரையச் சொன்னால், நடுவில் ஒரு வட்டம் போட்டுச் சுற்றிலும் இதழ் வைப்பார்கள். அது அவர்கள் மனதில் இருக்கும் பூ. கண்ணெதிரே இருக்கும் பூவை வரைவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

ஒற்றைச் செம்பருத்தியைத் தேர்ந்தெடுங்கள். அடுக்குச் செம்பருத்தி சின்னப் பிள்ளைகளைத் திணறடிக்கும். பூ பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும் என்பதால் காலைப் பாடவேளைதான் நல்லது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பூ, காம்போடு, டம்ளர் தண்ணீரில். கரும்பலகையில் மாதிரிப் படம் மட்டும் போடாதீர்கள். போட்டால் 40 தாளிலும் உங்கள் பூதான் இருக்கும்.

முதல் 5 நிமிடம் பென்சிலைத் தொடவே வேண்டாம். கேள்வி கேளுங்கள். எந்த இதழ் எதன்மேல் ஏறியிருக்கிறது? விளிம்பு நேராக ஓடுகிறதா, நெளிகிறதா? நடுவிலிருந்து நீளும் தண்டின் நுனியில் எத்தனை பொட்டு? யாராவது எண்ணி ஐந்து என்பார்கள். உடனே மற்றவர்களும் பூவருகே முகத்தைக் கொண்டுபோவார்கள். இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்து, தாளைப் பார்க்காமல் வரைதல். கிமோன் நிக்கொலாய்டஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியரின் 1941-இல் வெளிவந்த நூல் பலரிடம் கொண்டுசேர்த்த பயிற்சி இது. அட்டைத் துண்டில் ஓட்டை போட்டுப் பென்சிலைச் செருகினால் கோடு கண்ணில் படாது. இதழின் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோலக் கண் மெல்ல நகரட்டும். அதே வேகத்தில் பென்சிலும் போகட்டும். படம் கோணலாக வரும், வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும்.

இனி புதுத் தாள், அட்டை இல்லாமல். பூ எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தாளில் விரலால் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு வரைந்துவிடுவார்கள். முதலில் பெரிய வடிவம், பிறகு இதழ்கள், கடைசியில் நரம்பும் மகரந்தமும். ரப்பர் வேண்டாம், தவறிய கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோடு விழட்டும்.

“மிஸ், எனக்கு வரலை” என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும். அந்தத் தாளில் உங்கள் பென்சில் படவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. “எங்கேம்மா வரலை? பூவுல அந்த இடத்தைக் காட்டு” என்று கேளுங்கள். காட்டுவதற்காக மறுபடி பார்க்கும்போதே பல நேரம் வழி பிறந்துவிடும். எல்லோருக்கும் பொதுவாக “சூப்பர்” என்பதைவிட, “இந்த இதழ் மடங்கியிருக்கறதைக் கவனிச்சிருக்கியே” என்பது அந்தப் பிள்ளைக்கு உதவும்.

தாளின் பின்னால் தேதி எழுதி வாங்கி வையுங்கள். அடுத்த வாரம் வெண்டைக்காய்: செம்பருத்தியின் குடும்பம்தான். முழுக்காயோடு, குறுக்கே வெட்டிய துண்டையும் பக்கத்தில் வையுங்கள்.